வில்லா, குறுக்குவில்லா? பழனிமலையில் வேட்டைக் கருவியும் சட்டமும்

அமெரிக்க மாநிலங்களில் மான் வேட்டையைக் கருவிவாரியாகப் பருவம் பிரித்து வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிக்குக் குறுகிய பருவம், வில்லுக்கு நீண்ட பருவம். இந்த வில் பருவத்துக்குள் குறுக்குவில்லையும் அனுமதிக்கலாமா என்பது அங்கே பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு. மிச்சிகன் மாநிலம் 2009இல் அனுமதித்தது. விஸ்கான்சின் 2014இல் குறுக்குவில்லுக்கெனத் தனிப் பருவமே வகுத்தது. சில ஆண்டுகளிலேயே சாதாரண வில்லால் வீழ்ந்த மான்களைவிடக் குறுக்குவில்லால் வீழ்ந்தவை மிகுந்தன. ஓரிகன் இன்றுவரை இசையவில்லை. 1961இல் தோன்றிய, வில்வேட்டைக்காரர்களின் போப் அண்ட் யங் சங்கம் குறுக்குவில்லால் அடித்த விலங்கைத் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை.

மான் வேட்டை அறவே தடைசெய்யப்பட்ட பழனிமலையில் நின்றுகொண்டு இந்த வழக்கைப் பேசுவது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால் எந்தக் கருவியால் கொல்லலாம் என்று சட்டம் வகுக்கும்போது, யார் கொல்லலாம் என்பதையும் அது சேர்த்தே வகுத்துவிடுகிறது. கொடைக்கானல் மலைகளின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாறு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதோடு, காட்டுப்பன்றியைச் சுடுவது பற்றிய விதிகள் புதிதாக எழுதப்பட்டுவரும் இக்காலத்தில் கருவி பற்றிய கேள்வி ஓசையில்லாமல் திரும்பி வந்திருக்கிறது.

முதலில் கருவி. சாதாரண வில்லில் நாணை இழுத்துப் பிடித்தபடி நிற்க வேண்டும். இழுக்கும் அசைவே மானை எச்சரித்துவிடும். கை நடுங்கத் தொடங்குவதற்குள் எய்துவிடவும் வேண்டும். குறுக்குவில்லில் நாணை முன்கூட்டியே ஏற்றி விசையில் மாட்டிவிடலாம். தோளில் அணைத்து, தொலைநோக்கி வழியே குறிபார்த்து, விசையைத் தட்டினால் போதும். பயிற்சி குறைவாகத் தேவைப்படுவதால்தான் முதியோருக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் அதை முதலில் அனுமதித்தார்கள். எதிர்ப்பவர்கள் கையில் இருப்பதும் மூங்கில் வில் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். கப்பி பூட்டிய கூட்டு வில்லை முழுதாக இழுத்தபின் அதன் பளு பெருமளவு குறைந்துவிடும். அதில் குறிகாட்டியும் உண்டு, விசைவிடுப்பானும் உண்டு. அதை ஏந்திக்கொண்டு தூய்மைவாதம் பேசுவது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று இந்த விவாதத்தில் மறைந்துபோகிறது. அம்பு குருதியை வடியவிட்டுக் கொல்கிறது. சரியான இடத்தில் தைத்தாலும் மான் ஓடித்தான் விழும். வேட்டைக்காரர் சற்றுப் பொறுத்திருந்து, குருதித் தடத்தைப் பின்பற்றிப் போக வேண்டும். காய்ந்த இலை கிடக்கும் தட்டையான காட்டில் அது இயலும். பழனி மேல்மலைச் சோலையில் இயலுமா? புதர் அடர்ந்த பள்ளங்கள், நடுப்பகலிலும் இறங்கும் மூடுபனி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தடம் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அம்பு தைத்த கடமான் பள்ளத்தில் எங்கோ நாள்கணக்கில் கிடந்து சாகும். பிரிட்டன் 1981ஆம் ஆண்டின் வனஉயிர், நாட்டுப்புறச் சட்டத்தில் காட்டுவிலங்கைக் கொல்ல வில், குறுக்குவில் இரண்டையுமே தடுத்தது. இவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு பாராட்டாத அந்த முடிவே எனக்குச் சரியாகப் படுகிறது.

தமிழில் வில்லுக்குப் பழம்பெருமை உண்டு. கொல்லிமலை வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்துச் சென்றதாகப் புறநானூறு பாடுகிறது. பழனிமலைக்கு உரிய பேகனோ மயிலுக்குப் போர்வை கொடுத்ததற்காகப் பாடப்பட்டவன். இவற்றை வேட்டை உரிமைக்குச் சான்றாக இழுப்பவர்களும் உண்டு, உயிரிரக்கத்துக்குச் சான்றாக இழுப்பவர்களும் உண்டு. இரண்டுமே வள்ளல்களைப் புகழும் பாட்டுகள். அவற்றிலிருந்து வேட்டை விதி எதையும் பெற முடியாது. குறுக்குவில்லும் தென்னாட்டுக்கு அந்நியமன்று. சென்னை மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், தென்னிந்திய ஊதுகுழல், வளைதடி, குறுக்குவில் ஆகிய மூன்றையும் பற்றி 1924இல் அரச மானிடவியல் கழக இதழில் விரிவாக எழுதினார். ஆகவே மரபு இருந்ததா என்பது கேள்வியன்று. அந்த மரபுக்குச் சட்டம் என்ன செய்தது என்பதே கேள்வி.

டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரி 1860களில் இம்மலைகளை அளந்து, வரைந்து, வேட்டையாடித் திரிந்தார். மேல்மலையில் கோட்டையே இல்லாத ஓரிடம் இன்றும் ஹாமில்டன் கோட்டை என வழங்குகிறது. அவருடைய தென்னிந்திய வேட்டைக் குறிப்புகள் 1892இல் நூலாயின. அந்தத் தலைமுறை சுட்டுத் தீர்த்தபின் விலங்கு அருகிவிட்டது என்ற கவலை எழுந்து, 1879இல் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மூடுபருவம், உரிமம் என்ற சொற்கள் தென்னாட்டு மலைகளுக்கு வந்து சேர்ந்தது இந்தத் தடத்தில்தான். உரிமம் பெற்றுத் துப்பாக்கியால் சுட்டவர் வேட்டைக்காரர் ஆனார். வலையும் கண்ணியும் வைத்தவர் திருடர் ஆனார்.

இந்தப் பிரிவினை 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ளும் வந்து அமர்ந்தது. அச்சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முற்றாகத் தடுக்கவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். பெருவிலங்குக்கும் சிறுவிலங்குக்கும் தனித்தனி உரிமங்கள் இருந்தன. கடமானும் புள்ளிமானும் பெருவிலங்குப் பட்டியலில் இருந்தன. அதன் 17ஆம் பிரிவு, பெருவிலங்கை ரைபிளால் மட்டுமே வேட்டையாடலாம் என்றது; தனி அனுமதி பெற்றால் ஒற்றைக் குண்டிட்ட ஷாட்கன்னும் ஆகும். வலை, குழி, நஞ்சு, நஞ்சூட்டிய ஆயுதம், கண்ணி எல்லாம் விலக்கு. 16ஆம் பிரிவு பெண் விலங்கையும், கொம்பில் மென்தோல் போர்த்திய மானையும் காத்தது. ஆக, இந்தியாவில் மான் வேட்டை சட்டப்படி நடந்த காலத்திலேயே வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் அதில் இடமில்லை. அமெரிக்கர் இன்னும் வாதாடும் வழக்குக்கு இங்கே ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

விலங்கின் துன்பத்தை எண்ணினால் அது நல்ல தீர்ப்பு. மனிதரை எண்ணினால் ஒருதலையான தீர்ப்பு. 1972இல் இம்மலைகளில் ரைபிள் யாரிடம் இருந்திருக்கும்? தோட்ட முதலாளியிடம், நிலக்கிழாரிடம், விடுமுறைக்கு வந்த அதிகாரியிடம். மலைக்குடிகளான பளியரிடமும் புலையரிடமும் இருந்திருக்காது. அமெரிக்காவிலும் இதே கதை வேறு உருவில் நடந்தது. 1911இல் காட்டைவிட்டு வெளிவந்த இஷி என்ற யாகிப் பழங்குடியினர்தான் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவருக்கு வில்வேட்டை கற்றுக்கொடுத்தார். போப் 1923இல் எழுதிய நூல் வெள்ளையரின் வில்வேட்டைக்கு வேதமாயிற்று. இன்று குறுக்குவில்லை ஒதுக்கும் சங்கம் தாங்கியிருப்பது அந்தப் போப்பின் பெயரைத்தான். இஷியின் இனத்தாருக்கு எந்த வேட்டைப் பருவமும் மிஞ்சவில்லை.

1991 திருத்தம் உரிம வேட்டையை ஒழித்தது. பின்னர் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமும் பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்றபோது வேட்டையையும் பொறி வைத்தலையும் வெளிப்படையாக விலக்கிவிட்டது. முதலாளியும் பளியரும் முதன்முறையாக ஒரே தடையின்கீழ் வந்தார்கள். தாமதமாக வந்த சமத்துவந்தான், ஆனாலும் அது குலையாமல் இருக்க வேண்டும் என்பதே என் நிலை. மேலும், 2013இல் சுமார் 609 சதுர கி.மீ. பரப்பு கொடைக்கானல் வனஉயிர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சட்டத்தின் 2(35) பிரிவு ஆயுதம் என்பதற்குள் வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. எழுத்து மூலமான முன்னனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதே 31ஆம் பிரிவின்படி குற்றம். குறுக்குவில்லை முதுகில் மாட்டிக்கொண்டு வெறுமனே நடந்துபோனாலும் குற்றந்தான்.

ஆனால் 1991 திருத்தம் அறியாமலே ஓர் ஓட்டையையும் விட்டுச் சென்றது. உரிமங்களோடு சேர்த்து 17ஆம் பிரிவும் நீங்கியது. மனித உயிருக்கோ பயிருக்கோ ஆபத்தான விலங்கைக் கொல்ல 11ஆம் பிரிவு இன்றும் அனுமதிக்கிறது. எந்தக் கருவியால் என்று அது சொல்வதில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த நெறிப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி விவசாயிக்கு இது எவ்வளவு உதவும்? ஊரைச் சுற்றிலும் காடு. 3 கி.மீ. தள்ளிய வயல் அங்கே அரிது. பூண்டையும் உருளைக்கிழங்கையும் ஓரிரவில் கிளறிப்போட்ட பன்றிக்கு அவர் தரும் விடை கண்ணியாகவோ, வெடிமருந்து பொதிந்த அவுட்டுக்காயாகவோ, கள்ள மின்வேலியாகவோ ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் குறுக்குவில்லுக்கு வக்காலத்து எழக்கூடும். வீடுகளுக்கு நடுவே குண்டைவிட அம்பு ஆபத்துக் குறைவு, வெடிச்சத்தம் இல்லை, மின்வேலியைப் போல யானையையும் மனிதரையும் சேர்த்துக் கொல்லாது என்பார்கள். கடைசிக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சத்தமின்மையே இங்கே அதன் பெருங்குறை. பனி மூடிய பள்ளத்தாக்கில் வேட்டைத் தடுப்புக் காவலருக்குக் கண்ணைவிடக் காதே துணை. நாட்டுத் துப்பாக்கி வெடித்தால் எதிர்மலை வரை கேட்கும். அம்பு பாய்ந்தால் அடுத்த ஓடையில் நிற்பவருக்கும் கேட்காது. பன்றிக்கென்று அனுமதித்த கருவி கேளையாட்டையும் கடமானையும் வீழ்த்தினால் கண்டுபிடிக்க வழியில்லை. அமெரிக்காவில் மான் பெருக்கத்தைக் குறைக்க வேட்டை தேவை என்று வாதிடுகிறார்கள். இங்கே அந்த வேலைக்குச் செந்நாயும் சிறுத்தையும் இன்னும் இருக்கின்றன. கடமான் அவற்றின் இரை.

கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குப் பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரம் கொடுத்தபோது, நஞ்சு, வெடிபொருள், மின்சாரம் கூடாது என்று முறையையும் வரையறுத்தது. தமிழகத் தலைமை வனஉயிர்க் காப்பாளர் 11ஆம் பிரிவின்கீழ் பிறப்பிக்கும் ஒவ்வோர் ஆணையிலும், பயிற்சி பெற்ற வனத்துறைச் சுடுநர், பொருத்தமான ரைபிள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வில், குறுக்குவில், கண்ணி, வெடி ஆகியவற்றைப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். காப்புக்காட்டை ஒட்டி 3 கி.மீ.க்குள் பயிரிடும் மேல்மலை விவசாயிக்குச் சுடும் வழி அடைபட்டிருப்பதால், அவருக்குரிய பயிர் இழப்பீட்டை அடுத்த விதைப்புக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.