மீனுக்கு வழி விடாத அணை

அணைகளின் பயன்களை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிப்போட்டேன். மீனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடுகிறது எல்வா ஆறு. கடலில் வளரும் சால்மன் மீன், முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். 1913இல் முகத்துவாரத்திலிருந்து 8 கிலோமீட்டரில் அணை எழுந்தது. மீன் ஏற வழி விடவேண்டும் என்று சட்டம் இருந்தும் விடவில்லை. பதிலுக்கு அமைத்த குஞ்சு பொரிப்பகத்தையும் 1922இல் கைவிட்டார்கள். 1927இல் இரண்டாவது அணையும் வந்தது.

ஆற்றை நம்பி வாழ்ந்த கிளாலம் பழங்குடியினர் விடாமல் போராடினார்கள். 1992இல் மீட்புச் சட்டம் வந்தது. 2011இல் இடிக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். அதே ஆண்டு சால்மன் மேலே ஏறியது! ஒலியலைக் கருவி வைத்து எண்ணிப் பார்த்த பிறகே, 2023இல் பழங்குடியினர் மறுபடி மீன் பிடித்தார்கள்.

நான் விட்ட வரியை இன்று எழுதிக்கொள்ளுங்கள்: ஆற்றில் மீனுக்கும் பங்கு உண்டு.