சுவரில் தொங்கும் சான்றிதழ் எதற்கானது? மன்னாரில் பகல்நேரப் பிள்ளைப் பராமரிப்பும் பதிவும்

முசலிப் பக்கம் ஒரு காணிப் பிரச்சினையைப் பற்றி எழுதப் போயிருந்த நாள் அது. சிலாவத்துறையிலிருந்து வரவேண்டிய பஸ் பிந்திவிட்டது. மன்னார் நகரில் மகளை விட்டுச்செல்லும் வீட்டுக்கு நான் வந்து சேர்ந்தபோது பின்னேரம் நான்கு மணி. கேற் திறந்து கிடந்தது. மகள் உள்ளே இல்லை. எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் அக்கா அவளை மடியில் வைத்திருந்தார். வீதியோரம் நின்ற கழுதைக் குட்டியைப் பார்க்கப் பிள்ளை தானாக வெளியே வந்துவிட்டதாம். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. பார்த்துக்கொள்ளும் பெண் உள்ளே இன்னொரு குழந்தைக்கு உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார். பதினொரு பிள்ளைகளுக்கு அவர் ஒருவர்தான்.

நான் சத்தம் போட்டேன். அவர் சுவரைக் காட்டினார். "பயப்படாதீங்க தங்கச்சி, எல்லாம் பதிஞ்சுதான் நடத்துறம்." கண்ணாடிச் சட்டத்துக்குள் முத்திரையும் கையொப்பமுமாக ஒரு சான்றிதழ் தொங்கியது. எட்டு மாதமாக அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தவள் நான். அன்றுதான் கிட்டப்போய் வாசித்தேன். அது வணிகப் பெயர்ப் பதிவு. தையலகத்துக்கும் சலூனுக்கும் கைபேசிக் கடைக்கும் பிரதேச செயலகத்தில் கொடுக்கப்படும் அதே பதிவு. ஒரு பெயரில் ஒருவர் தொழில் செய்கிறார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. அந்த வீட்டின் கிணற்றையோ கேற்றையோ குசினியையோ யாரும் வந்து பார்த்ததாக அதற்குப் பொருள் இல்லை.

அதற்குப் பிறகு சில வாரங்கள் அலுவலகம் அலுவலகமாக அலைந்து தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். என்னைப்போல இன்னும் பலர் அந்தக் கண்ணாடிச் சட்டத்தை நம்பிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது முன்பள்ளியையும் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தையும். நாங்கள் இரண்டையும் 'நேர்சரி' என்றே சொல்லிவிடுகிறோம். மூன்று வயது தாண்டிய பிள்ளைகள் காலையில் போய் மதியத்துக்கு முன் திரும்பும் முன்பள்ளிகள், 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரிய விடயம். மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என இரண்டு கல்வி வலயங்கள் உள்ளன. உங்கள் ஊர் முன்பள்ளி பதியப்பட்டதா என்று கேட்பதற்கு அந்த வலயக் கல்வி அலுவலகங்களுக்குப் போகலாம். ஆசிரியை பயிற்சி பெற்றவரா என்பதையும் அங்கேயே கேட்கலாம். குறைகள் ஆயிரம் இருந்தாலும் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது.

பகல்நேரப் பராமரிப்பு அப்படியல்ல. கைக்குழந்தையிலிருந்து முன்பள்ளி முடிந்து வரும் பிள்ளை வரை, தாய் வேலையால் திரும்பும் மட்டும் வைத்திருக்கும் இடங்களுக்கென்று பாராளுமன்றம் நிறைவேற்றிய தனிச்சட்டம் கிடையாது. இருப்பவை கொள்கையும் வழிகாட்டல்களும். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, பராமரிப்பு நிலையங்களுக்கான வழிகாட்டல்களை வெளியிட்டிருக்கிறது. முன்பிள்ளைப்பருவ விடயங்களைச் சிறுவர் செயலகம் பார்க்கிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் சிறுவர் இல்லங்களைப் பார்க்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மலசலகூடத்தையும் தண்ணீரையும் பார்க்கலாம். ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருக்கிறது. ஒரு வீட்டைப் பார்த்து 'இங்கே இத்தனை பிள்ளைகளுக்கு மேல் வைக்கக்கூடாது, இதைச் சரிசெய்யும் வரை மூடு' என்று சொல்லும் கை மட்டும் எதுவென்று தெளிவில்லை.

மாகாண சபை நியதிச்சட்டம் ஒன்றை இயற்றி இந்த இடைவெளியை நிரப்பலாம்தான். ஆனால் 2013 செப்டெம்பரில் நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். நியதிச்சட்டம் இயற்ற வேண்டிய கதிரைகள் காலியாகக் கிடக்கின்றன. அதிகாரப் பகிர்வு என்றால் மேடைப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்: அது திறந்து கிடக்கும் ஒரு கேற் பற்றிய விஷயமும்கூட.

இதில் எனக்கு மிகவும் கோபம் தரும் இடம் ஒன்று உண்டு. சின்னப் பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக விரும்பினால், 2013இலிருந்து 'குடும்பப் பின்னணி அறிக்கை' கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஐந்து வயதாகியிருக்க வேண்டும் என்றார்கள். பொருளாதார நெருக்கடியில் டொலர் தேவைப்பட்டபோது, 2022இல், அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று தாய் எழுத்தில் காட்ட வேண்டும், அதிகாரி உறுதிசெய்ய வேண்டும். தாயிடம் இத்தனை கடதாசி கேட்கும் அரசு, அதே பிள்ளையை நாள் முழுக்க வைத்திருக்கும் இடத்திடம் அதில் பாதியையாவது கேட்க வேண்டாமா?

பதிவு என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்கள் பயப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. மெனிக்பாமில் கம்பி வேலிக்குள் பதிந்தவர்கள் நாங்கள். மீள்குடியேறிய பிறகும் குடும்பப் படம் எடுத்து, பெயர் எழுதி, யார் வந்து போகிறார்கள் என்று கேட்டவர்கள் சீருடையில்தான் வந்தார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவில் போர் முடிந்தபின் பல முன்பள்ளிகளைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் எடுத்துக்கொண்டது. மாகாணம் கொடுத்த சொற்பக் கொடுப்பனவைவிடப் பல மடங்கு சம்பளம் பாதுகாப்பு அமைச்சின் வழியாகக் கிடைத்தது. அந்த வேலைக்குப் போன ரீச்சர்மாரை நான் குறைசொல்ல மாட்டேன். வீட்டில் அடுப்பெரிய வேண்டும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையின் பெயர்ப் பட்டியல் எந்த அமைச்சின் மேசையில் கிடக்கிறது என்று தாய் கேட்பது நியாயமான கேள்வி. ஆகவே உரிமம் வேண்டும் என்று எழுதும் நான், அதைக் கேட்டு வருபவர் சீருடை இல்லாதவராக, பிரதேச செயலகத்திலோ மாகாணத் திணைக்களத்திலோ இருந்து வர வேண்டும் என்றும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் பாலர் வகுப்புக்குப் போனது மடுத் தேவாலயச் சூழலில் இருந்த அகதி முகாமில். மரத்துக்குக் கீழே சாக்கு விரித்து இருப்போம். அங்கே ரீச்சர் முதலில் சொல்லித்தந்தது, வானத்தில் இரைச்சல் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும் என்பதை. எங்கள் தலைமுறைக்குப் பாதுகாப்பு என்றால் குண்டிலிருந்து தப்புவது. அது முடிந்த பிறகு 'இனி என்ன பயம்' என்ற மனநிலை எங்களுக்குள் வந்துவிட்டது. கிணறும் அடுப்பும் கேற்றும் கண்ணில் படாமல் போனது அதனால்தானோ என்று சில வேளை யோசிக்கிறேன்.

அடுப்பைப் பற்றி நினைத்தால் கும்பகோணம் வராமல் போகாது. 2004 ஜூலை 16ஆம் திகதி அங்கே ஒரு பாடசாலையின் சமையற்கூடத்தில் எழுந்த தீ ஓலைக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் எரிந்து போனார்கள். அந்தப் பாடசாலை ஒளித்து நடத்தப்பட்ட ஒன்றல்ல. அரசு உதவி பெற்ற பாடசாலை. ஒரே கட்டடத்துக்குள் அளவுக்கு மிஞ்சிய பிள்ளைகள், ஒடுங்கிய படிக்கட்டு, அடுப்புக்கு மேலே கூரை. யாராவது உண்மையாகவே நடந்து போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எங்கள் கரையோர ஊர்களில் காற்றுக்காகக் கிடுகுக் கொட்டில் போடுவது வழக்கம். கிடுகு குற்றமல்ல. கஞ்சி காய்ச்சும் அடுப்போ காஸ் சிலிண்டரோ அதே கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது. வெளியேற இரண்டு வழி வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், பிள்ளைகள் நித்திரையாக இருக்கும்போது அதைப் பூட்டக்கூடாது.

அடுப்பைவிட எனக்குப் பெரிய பயம் தண்ணீர். தீவுக்குள் பல வளவுகளில் கிணறு உண்டு. கட்டு உயரமாக இருந்தாலும் பக்கத்தில் கவிழ்த்துவைத்த வாளி ஒன்று போதும், மூன்று வயதுப் பிள்ளை ஏறிவிடும். மாரி மழைக்கு வளவுக்குள்ளேயே முழங்கால் அளவு வெள்ளம் நிற்கும். தவழும் குழந்தைக்கு அதில் கால்வாசி ஆழமே ஆபத்து. பங்களாதேஷில் இதைப் பற்றி நல்ல வேலை நடந்திருக்கிறது. அங்கே சின்னப் பிள்ளைகள் அதிகம் குளத்தில் விழுவது காலை ஒன்பது மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில், தாய் வேலையில் இருக்கும் நேரத்தில் என்று கண்டார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்குள் 'ஆஞ்சல்' என்ற பராமரிப்பு இடங்களைத் திறந்தார்கள். வருபவர்கள் அதே ஊர்ப் பெண்கள். இடம் யாரோ ஒருவரின் வீடு. நீரில் மூழ்கும் மரணங்கள் பெருமளவு குறைந்தன. பாடசாலைக்கு முந்திய வயதுப் பிள்ளைகளுக்குத் தண்ணீரிலிருந்து விலகிய பாதுகாப்பான இடம் அமைப்பதை உலக சுகாதார நிறுவனம் இன்று ஒரு முக்கிய தடுப்பு வழியாகச் சொல்கிறது. பேசாலையிலும் வங்காலையிலும் விடியற்காலை வலையில் இருந்து நண்டு கழற்றப் போகும் பெண்களின் நேரத்துக்கு எங்கள் ஊரில் எந்த நேர்சரியும் திறப்பதில்லை. எட்டு மணிக்குத்தான் திறக்கிறார்கள். அதற்கிடையில் பிள்ளை அம்மம்மாவிடம், அல்லது பாடசாலைக்குப் போகாமல் நிற்கும் மூத்த அக்காவிடம்.

பெருநிலப் பரப்பில் உள்ளவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அடம்பன், உயிலங்குளம் பக்கம் முன்னரங்குகள் கிடந்த நிலம். இலங்கை 2017 டிசெம்பரில் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை பெரும்பகுதி நடந்திருக்கிறது. என்றாலும் மலசலகூடக் குழி வெட்டவோ வேலிக் கட்டை நாட்டவோ முன் அந்தக் காணி துப்புரவாக்கப்பட்டதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். சந்தேகமான இரும்பு எதையும் பிள்ளைகள் எடுத்துக் காட்டினால் தொடாமல் பொலிஸுக்கு அறிவியுங்கள்.

ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கலாம்? ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாளிடம் பதினொரு பிள்ளைக் கதையைச் சொன்னபோது அவள் நம்பவில்லை. ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் வீட்டில் பிள்ளை பார்ப்பவர் ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் பெற்ற நிலையத்தில் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த பத்துக் குழந்தைகளுக்கு மூன்று பேர் வேண்டும். இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த மூன்று குழந்தைகளுக்கு ஒருவர். இரண்டு வயதுப் பிள்ளைகள் என்றால் 2023 செப்டெம்பர் வரை நான்குக்கு ஒருவர், இப்போது ஐந்துக்கு ஒருவர். அந்த மாற்றத்துக்கே அங்கே பெற்றோர் எதிர்ப்புக் காட்டினார்கள். கனடாக் கணக்கை இங்கே அப்படியே கொண்டுவந்தால் மாதக் கட்டணம் எங்கள் தாய்மாரின் சம்பளத்தைத் தாண்டிவிடும். ஆனாலும் ஒரு கணக்கு வேண்டும். தீப்பற்றினால் இரண்டு கையில் எத்தனை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று பராமரிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்; நான் கேட்டிருக்கிறேன்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போகாதீர்கள். மதியம், பிள்ளைகள் நித்திரையாகும் நேரம் போங்கள். உள்ளே விட மறுத்தால் அங்கேயே முடிவெடுக்கலாம். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிப் பொலிஸ் அறிக்கை எடுத்திருக்கிறார்களா, பிள்ளையைக் கூட்டிச்செல்பவர் கையொப்பம் வைக்கும் கொப்பி இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பதை 'கண்டிப்பு' என்று சொல்பவரிடம் விடாதீர்கள். பிள்ளைக்குக் கொடுமை செய்வது 1995ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவில் குற்றம். செய்பவர் பெற்றோரா பராமரிப்பவரா என்பது கணக்கில்லை. முறைப்பாட்டுக்கு 1929 என்ற இலக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். அம்புலன்ஸுக்கு 1990; அந்த இலக்கம் அங்கே சுவரில், பிள்ளையின் உயரத்தில் அல்ல, பெரியவர் உயரத்தில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு தயக்கத்தையும் சொல்ல வேண்டும். நாளைக்கே கடுமையான உரிமச் சட்டம் வந்து, பதியாதவர்களை எல்லாம் மூடச் சொன்னால் முதலில் அடிபடுவது ஊர் வீடுகளில் நாலைந்து பிள்ளைகளைப் பார்க்கும் பெண்கள்தான். பலர் கணவனை இழந்தவர்கள், அல்லது காணாமலாக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களிடம் கிணற்று மூடிக்குக் காசில்லை. முதலில் பதிந்து, மூடிக்கும் வேலிக்கும் முதலுதவிப் பயிற்சிக்கும் உதவி கொடுத்து, ஒரு தவணை கொடுத்து, அதன் பிறகு கட்டாயப்படுத்துவதுதான் முறை என்று நான் நினைக்கிறேன். மூடிய இடத்துப் பிள்ளை நல்ல இடத்துக்குப் போகாது, கிணற்றடிக்குத்தான் போகும்.

என் மகள் இப்போது பள்ளிமுனையில் ஒரு அக்காவிடம் இருக்கிறாள். ஐந்து பிள்ளைகள். சுவரில் சான்றிதழ் எதுவும் இல்லை. போன முதல் நாளே கிணற்றைக் காட்டச் சொன்னேன். பழைய வலையை மடித்துப் போட்டுக் கட்டியிருந்தார். வலை போதாது, பிள்ளை அதன்மேல் ஏறிவிடும் என்றேன். நாங்கள் ஐந்து குடும்பமும் காசு சேர்த்து இரும்புக் கம்பி மூடி அடித்துப் போட்டோம். பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பெயர் கொடுப்போம் என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். "போவம் பிள்ள. அவங்க வந்து பாத்திட்டு மூடச் சொன்னா உங்கட பிள்ளைகளை எங்க விடுவீங்க?" என்று கேட்கிறார். வருகிற திங்கட்கிழமை மூன்றாவது தடவை கூப்பிடப் போகிறேன்.