வேலிக்குள் அடைத்த கிராமங்கள்

1962 மார்ச். சைகோனுக்கு வடக்கே பென் காட் பகுதியைத் தென் வியட்நாம் ராணுவம் வளைத்தது. நடவடிக்கையின் பெயர் 'சூரியோதயம்'. சிதறிக் கிடக்கும் குடிகளைக் கிளப்பி, வேலி சூழ்ந்த புதுக் குடியிருப்பில் வைத்துவிட்டால் கம்யூனிஸ்டுகளான வியட்காங் கெரில்லாக்களுக்குச் சோறும் தகவலும் கிடைக்காது என்பது கணக்கு. சுமார் இருநூறு குடும்பங்களில் மனமொப்பி வந்தவை 70தான். மற்றவர்களை வலுக்கட்டாயமாக நகர்த்தினார்கள்; பழைய வீடுகள் கொளுத்தப்பட்டன. குடும்பத்துக்குச் சுமார் 21 டாலர் நஷ்டஈடு தர அமெரிக்கா பணம் கொடுத்திருந்தது. மக்கள் ஓடிவிட மாட்டார்கள் என்று உறுதியாகும்வரை அதிகாரிகள் அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வந்தவர்களில் இளவட்டங்கள் மிகக் குறைவு. எங்கே போயிருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

யோசனையின் பூர்வீகம் மலாயா. அங்கே கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கிய அனுபவத்தோடு ராபர்ட் தாம்ஸன் சைகோனுக்கு வந்திருந்தார். ஆனால் மலாயாவில் போலீசும் கஜானாவும் பிரிட்டிஷார் கையிலேயே இருந்தன. வியட்நாமில் அமெரிக்கர்கள் வெறும் ஆலோசகர்கள். அவர்களுடைய டாலரும் துப்பாக்கியும் அதிபர் நோ டின் டியெம் அரசின் வழியாகத்தான் கிராமத்துக்குப் போகும். அதுவோ, கிராம சபைத் தேர்தலை 1956இல் ஒழித்துவிட்டுத் தன் ஆட்களை நியமித்த அரசு.

திட்டத்தை நடத்தியவர் டியெமின் தம்பி நூ. அவர் மேற்பார்வைக்கு அமர்த்திய ஃபாம் நொக் தாவ், ரகசியமாகக் கம்யூனிஸ்டுகளின் ஆள்! 'சீக்கிரம் கட்டுங்கள்' என்று விரட்டினார். அவசரப்படுத்தினால் மக்களின் வெறுப்பு முற்றும் என்பது அவருக்குத் தெரியும். போருக்குப் பின் ஹனோயின் கம்யூனிஸ்ட் அரசு அவரை வீரராகக் கொண்டாடியது.

டியெமுக்கோ கெரில்லாக்களைவிடத் தன் தளபதிகள்மீதே பயம். 1960இல் அவருடைய பாராசூட் படையே அரண்மனையை முற்றுகையிட்டதல்லவா? ஆகவே திறமைசாலிகளை ஒதுக்கி விசுவாசிகளுக்குப் பதவி தந்தார். உயிர்ச்சேதம் வரும் சண்டையைத் தவிர்க்கச் சொன்னார். அதன் பலன் 1963 ஜனவரி 2 அன்று அப் பாக் கிராமத்தில் தெரிந்தது. சுமார் 350 கெரில்லாக்களை நான்கு மடங்கு படை, ஹெலிகாப்டர்களோடும் கவச வண்டிகளோடும் தாக்கியது. ஐந்து ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன. அமெரிக்க ஆலோசகர் ஜான் பால் வான், மேலே சிறு விமானத்தில் வட்டமடித்தபடி வயர்லெஸ்ஸில் கத்தித் தீர்த்தார். உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. இரவோடு இரவாகக் கெரில்லாக்கள் நழுவிவிட்டார்கள்.

பணத்தை நிறுத்துவோம் என்று டியெமை அமெரிக்கா மிரட்டிப் பார்க்கலாம். நிறுத்தினால் அரசு கவிழும். நாடு கம்யூனிஸ்டுகள் கைக்குப் போகும். வாஷிங்டனின் இந்தப் பயம் டியெமுக்கு நன்றாகத் தெரியும். பலவீனத்தைக் காட்டியே காரியம் சாதித்த மனிதர் அவர். கடைசியில் 1963 நவம்பரில் தளபதிகளின் கவிழ்ப்புக்கு அமெரிக்கா பச்சைக்கொடி காட்டியது. அண்ணன் தம்பி இருவரும் கொல்லப்பட்டனர். பிறகு தளபதிகள் ஒருவரையொருவர் கவிழ்ப்பதில் முனைந்தார்கள். 1965 மார்ச் 8 அன்று, 3,500 அமெரிக்க மரைன் வீரர்கள் டா நாங்கில் வந்து இறங்கத் தொடங்கினார்கள்.

(தொடரும்)