செப்புத் தகட்டில் ஏறிய நரிகள்

கரடகன், தமனகன் என்னும் நரிகள் இரண்டையும் அறியாத வாலிபர் நம் சங்கத்தில் இரார். இதே நரிகளைக் குறித்து அரபு கற்ற ஆலிம் ஒருவரிடம் வினவினால், கலீலா, திம்னா என்று அவர் வேறு பெயர் சொல்வார். பெயர்கள் வேறேயன்றி நரிகள் வேறல்ல. பாண்டிருப்பிலிருந்து சாய்ந்தமருது வரை நடப்பதற்கே அலுத்துக்கொள்ளும் நாம், இந்நரிகள் நடந்த தூரத்தை அறிந்தால் வியப்படைவோம்.

எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று மேடைகளில் முழங்குவது நம்மவர் சிலருக்கு வழக்கம். போனது மெய்தான். எடுத்துச் சென்றவர் யார் என்பதையும் சொல்ல வேண்டாமா? ஆறாம் நூற்றாண்டிலே, பாரசீகத்தை ஆண்ட நௌஷர்வான் மன்னன் காலத்தில், புர்சோய் என்னும் மருத்துவர் பஞ்சதந்திரத்தைப் பஹ்லவி மொழியில் ஆக்கினார். அந்நூல் இன்று இல்லை, அழிந்துபோயிற்று. ஆயினும் கி.பி. 750ஆம் ஆண்டளவில் இப்னுல் முகஃப்பா என்னும் முஸ்லிம் அறிஞர் அதனை அரபு வசனத்தில் எழுதிவைத்தார். அரபிலிருந்து எபிரேயம், எபிரேயத்திலிருந்து இலத்தீன், அதன் வழியே ஜெர்மன் எனக் கதை கைமாறியது. அந்த அரபு நூல் இல்லாதிருந்தால் நமது நரிகள் ஐரோப்பாவை அக்காலத்தில் எட்டியிரா.

இன்னுமொன்று. விலங்குகளின் உருவங்களைப் பல வர்ணங்களில் தீட்டிக் காட்டினால் அரசர் மனம் மகிழ்வர் என்பதை நூலின் நோக்கங்களுள் ஒன்றாகவே இப்னுல் முகஃப்பா தம் முகவுரையில் வைத்தார். ஆகவே படம் பின்னால் ஒட்டிய அலங்காரமன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதப்பெற்ற சித்திரங்களோடு கூடிய அரபுக் கைப்பிரதியொன்று பாரிஸ் தேசிய நூலகத்தில் இன்றும் இருக்கின்றது.

அச்சு யந்திரம் வந்தபின், ஜெர்மனியின் உல்ம் நகரில் 1483இல் இக்கதைகள் மரத்தில் வெட்டிய படங்களோடு அச்சுவாகனம் ஏறின. மரச் சித்திரத்தில் மை மேட்டிலே நிற்கும். எழுத்தோடு சேர்த்து ஒரே அழுத்தில் அச்சிடலாம். செப்புத் தகட்டு முறை இதற்கு நேர் எதிரானது. தட்டார் பட்டறையில் திராவகத்தின் வேலையைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்து பூசி, அப்பூச்சை ஊசியினால் கீறிப் படம் வரைவர். திராவகத்தில் இட்டதும் கீறிய இடத்தில் மாத்திரம் செம்பு அரித்துப் பள்ளமாகும். பூச்சை நீக்கி, மை தடவி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மை தங்கும். ஈரக் கடதாசியை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே இறுக்கி இழுக்க, கடதாசி அம்மையை வாரிக்கொள்ளும். போர்க்கவசங்களில் கோலமிட்ட ஐரோப்பியக் கம்மாளரின் வித்தையே இவ்வாறு கடதாசிக்கு வந்தது.

உளி மரத்தோடு மல்லுக்கு நிற்கும். ஊசியோ கைபோன போக்கில் ஓடும். ஆதலால் நரியின் வாலும் சிங்கத்தின் பிடரியும் அசைவனபோலத் தோன்றும். ஆனால் எழுத்துக்கு ஓர் யந்திரம், படத்துக்கு வேறோர் யந்திரம் என இருமுறை அச்சிட வேண்டும். தகடும் நாளடைவில் தேயும். இத்தகைய நூல்கள் அரியனவாய் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

புரூஜ் நகரத்து மார்க்கஸ் கெரார்ட்ஸ் 1567இல் 107 தகடுகளோடு வெளியிட்ட விலங்குக் கதை நூலை இவ்வகையில் முன்னோடி எனலாம். அதிலுள்ளவை பெரும்பாலும் ஈசாப்பின் கதைகள். இலண்டனில் பிரான்சிஸ் பார்லோ ஈசாப்பின் கதைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மும்மொழியில், தாமே வரைந்த தகட்டுப் படங்களோடு 1666இல் பதிப்பித்தார். அவர் கெட்ட காலம், அவ்வாண்டு செப்டெம்பரிலேயே இலண்டன் மாநகர் தீப்பற்றி எரிந்தது. நூற்பிரதிகள் பல சாம்பராயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த நமக்கு அவர் துயரை விரித்துரைக்க வேண்டியதில்லை. பார்லோ 1687இல் மீண்டும் பதிப்பித்தார்.

பிரெஞ்சுப் புலவர் லா பொந்தேன் 1668இல் தந்த கதைகளுக்குப் பிரான்சுவா சோவோ 118 சிறு தகடுகள் வரைந்தார். அதன்பின் 1678இல் வந்த தொகுதியின் முகவுரையில், பெரும்பகுதிக்கு இந்திய ஞானி பில்பேயிக்குத் தாம் கடமைப்பட்டவர் என்று புலவர் கூசாது எழுதினார். பாரசீக நூலொன்றின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பே அவர் கைக்கு எட்டியது. வாய் திறந்து கெட்ட ஆமையின் கதை அவரிடமும் உண்டு. நம் அன்னங்கள் அங்கே வாத்துக்களாயின!

இனித் தமிழுக்கு வருவோம். தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் சென்னையில் அச்சான ஆண்டு 1826. அதே ஆண்டில் பாரிசிலும் ஒரு பஞ்சதந்திரம் வெளியாயிற்று. தென்னாட்டில் முப்பது ஆண்டுகளளவில் வாழ்ந்து 1823இல் தாயகம் திரும்பிய துபுவா பாதிரியார், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளிலிருந்த பிரதிகளைக் கொண்டு அதனைப் பிரெஞ்சில் ஆக்கினார். இம்முறை அரபோ பாரசீகமோ இடையில் நிற்கவில்லை. அதனோடு பரமார்த்த குருவின் கதையையும் சேர்த்தார். இத்தாலியரான வீரமாமுனிவர் தமிழில் எழுதிய அந்த நகைச்சுவைக் கதையை, தமிழ் மூலமும் ஆங்கிலமுமாக பாபிங்டன் 1822இலேயே இலண்டனில் பதிப்பித்திருந்தார்.

துபுவாவின் நூல் 1872இல் பாரிசில் மறுபதிப்பாயிற்று. லியோன்ஸ் பெத்தி என்னும் ஓவியர் அதற்கென 13 செப்புத் தகட்டுச் சித்திரங்கள் வரைந்தார். கரடகனும் தமனகனும், மட்டிச் சீடர் ஐவரோடு குருவும், அந்த ஒரே கட்டடத்துள் சேர்ந்து இருக்கின்றனர்.