தங்கச் சுரங்கமும் தடுப்பூசியும்: வயது வந்தோருக்கான நிமோகாக்கல் தடுப்பூசியின் வரலாறு (1911–2015)

ஆய்வுச் சுருக்கம்

முதியோருக்கு இன்று பரிந்துரைக்கப்படும் நிமோகாக்கல் தடுப்பூசியின் தொடக்கம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் அமைந்தது. அங்கு உழைத்த புலம்பெயர் தொழிலாளரிடையே நிகழ்ந்த சோதனைகளை மையமாகக் கொண்டு அதன் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. தடுப்பூசியின் பயன் இளம் சுரங்கத் தொழிலாளரிடம் மெய்ப்பிக்கப்பட்டு, முதியோருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இவ்விடைவெளியே பிற்கால விவாதங்களுக்கு அடிப்படை என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: நிமோகாக்கஸ், தடுப்பூசி, விட்வாட்டர்ஸ்ராண்ட், புலம்பெயர் தொழிலாளர், மருத்துவ வரலாறு

முன்னுரை

நிமோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரியை 1881இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். அதற்கெதிரான தடுப்பூசியின் வரலாறு பெரும்பாலும் ஆய்வுக்கூடக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகவே எழுதப்படுகிறது. அவ்வரலாற்றில் உழைப்பும் குடியிருப்பும் ஆட்சேர்ப்பும் வகித்த இடத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுரங்கக் கொட்டடிகளும் ரைட்டின் சோதனையும்

விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் 1886இல் தங்கம் கண்டறியப்பட்டபின் மொசாம்பிக், நியாசாலாந்து (இன்றைய மலாவி) முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்த அடிப்படையில் சுரங்க வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். ‘காம்பவுண்டு’ எனப்பட்ட நெரிசலான கொட்டடிகளில் தங்கவைக்கப்பட்ட இவர்களிடையே நிமோனியா பரவலாக உயிர்ப்பலி கொண்டது. வெப்பமண்டலப் பகுதிகளிலிருந்து புதிதாக வந்தோரே மிகுதியாக இறந்தனர். ஆட்சேர்ப்பு தடைபடும் என்ற அச்சம் சுரங்க உரிமையாளரிடையே எழுந்தது.

இச்சூழலில், டைஃபாய்டு தடுப்பூசியால் புகழ்பெற்றிருந்த ஆம்ரோத் ரைட் இலண்டனிலிருந்து அழைக்கப்பட்டார். வெப்பத்தால் கொல்லப்பட்ட நிமோகாக்கஸ் நுண்ணுயிரிகளைக் கொண்ட தடுப்பூசியை 1911 முதல் அவர் சோதித்தார். 50,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் இச்சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். தடுப்பூசி பயனளித்ததாக ரைட் கருதினார். ஆனால் தரவுகளை மீளாய்ந்த புள்ளியியலாளர் மேனார்டு அம்முடிவை ஏற்கவில்லை. உயிரிழப்பும் தணியவில்லை. 1913இல் தென்னாப்பிரிக்க அரசு, தென் அட்சம் 22 பாகைக்கு வடக்கிலிருந்து ஆள் சேர்ப்பதைத் தடைசெய்தது.

வகைகளும் வாழ்விடமும்

நிமோகாக்கஸ் ஒரே தன்மையது அன்று. ஒரு வகைக்கு எதிரான தடுப்பாற்றல் மற்றொரு வகைக்கு உதவுவதில்லை. ஜெர்மனியில் நியூஃபெல்டும் ஹெண்டலும் 1910இல் வகை வேறுபாட்டை வெளிப்படுத்தினர். ஜோகன்னஸ்பர்க்கில் ஸ்பென்சர் லிஸ்டர் சுரங்கத் தொழிலாளரிடம் காணப்பட்ட வகைகளைப் பிரித்தறிந்து, அவற்றுக்கேற்ற தடுப்பூசியை உருவாக்கினார். எனினும் தடுப்பூசி பெறாதோரைக் கொண்ட முறையான ஒப்பீடு இன்மையால் அதன் பயன் ஐயத்திற்கிடமாகவே நின்றது.

இதே காலத்தில் சுரங்க உரிமையாளரின் அழைப்பில் வந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் கோர்காஸ் வேறொரு தீர்வை முன்வைத்தார். பனாமா கால்வாய்ப் பணியில் தொழிலாளரைக் கொட்டடிகளிலிருந்து சிதறிய குடில்களுக்கு மாற்றியபின் நிமோனியா குறைந்ததாக அவர் கருதினார். எனவே ஒவ்வொரு தொழிலாளிக்கும் கூடுதல் இடமும் குடும்பத்துடன் வாழத்தக்க குடியிருப்பும் தேவை எனப் பரிந்துரைத்தார். குடியிருப்பை மாற்றுவதற்குப் பெருஞ்செலவாகும். ஊசிக்கு அவ்வளவு ஆகாது. ‘வெப்பமண்டலத் தொழிலாளி’ என்னும் கருத்தாக்கம், நோயின் காரணத்தை வாழ்நிலையிலிருந்து தொழிலாளியின் உடலுக்கு இடம்பெயர்த்தது என வரலாற்றாசிரியர் ராண்டல் பேக்கார்ட் காட்டுவது இங்கு எண்ணத்தக்கது.

பென்சிலினும் மறதியும்

நிமோகாக்கஸின் வெளியுறை கூட்டுச்சர்க்கரையால் ஆனது என்பதை 1923இல் ஹைடல்பெர்கரும் ஏவரியும் நிறுவினர். அவ்வுறைப்பொருளே தடுப்பூசியாகப் பயன்படலாயிற்று. அமெரிக்க விமானப்படைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஏறத்தாழ 17,000 பேரிடம் நிகழ்ந்த சோதனையில் நான்கு வகைத் தடுப்பூசியின் பயன் தெளிவாயிற்று. இம்முடிவு 1945இல் வெளியானது. தொடர்ந்து ஆறு வகைத் தடுப்பூசிகள் விற்பனைக்கு வந்தன. ஆனால் பென்சிலின் பரவலானதும் அவற்றை நாடுவோர் குறைந்தனர். 1950களில் அவை சந்தையிலிருந்து நீங்கின.

இந்நிலையை மாற்றியவர் இராபர்ட் ஆஸ்ட்ரியன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி மருத்துவமனைத் தரவுகளைக் கொண்டு அவரும் கோல்டும் 1964இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். இரத்தத்தில் தொற்று பரவிய நோயாளரிடையே, முதல் ஐந்து நாள்களில் நிகழும் இறப்புகளைப் பென்சிலின் பெரிதும் குறைக்கவில்லை என்பது அதன் முடிவாகும். மருந்து இருந்தும் மாள்வோர் இருந்தமையால் தடுப்பே வழி என்னும் வாதம் மீண்டும் வலுப்பெற்றது.

மீண்டும் சுரங்கம்

1970களில் ஆஸ்ட்ரியன் மேற்கொண்ட பெருஞ்சோதனைகள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களிலேயே நிகழ்ந்தன. குறுகிய காலத்தில் தடுப்பூசியை மதிப்பிட நோய் மிகுதியாக உள்ள இடம் தேவைப்பட்டது. ரைட்டின் காலத்திற்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அத்தகைய இடமாகச் சுரங்கங்கள் நீடித்தன என்பதே கருதற்குரியது. 1976இல் வெளியான முடிவுகளின்படி, தடுப்பூசியில் அடங்கிய வகைகளால் விளையும் கடுந்தொற்று ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவில் நடுவயதினரிடமும் முதியோரிடமும் நிகழ்ந்த சோதனைகளில் நோயுற்றோர் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் உறுதியான முடிவு கிட்டவில்லை.

1977இல் அமெரிக்கா 14 வகைத் தடுப்பூசிக்கும் 1983இல் 23 வகைத் தடுப்பூசிக்கும் உரிமம் வழங்கியது. பரிந்துரை முதியோரையும் நாட்பட்ட நோயுடையோரையும் நோக்கி அமைந்தது. உடல்வலிமை மிக்க இளைஞரிடம் பெற்ற சான்று தடுப்பாற்றல் தளர்ந்த முதியோருக்குப் பொருந்துமா என்னும் வினா பல்லாண்டுகள் நீடித்தது. புரதத்துடன் இணைக்கப்பட்ட 13 வகைத் தடுப்பூசியை நெதர்லாந்தில் 65 வயதும் அதற்கு மேற்பட்டோருமான ஏறத்தாழ 84,500 பேரிடம் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வு, முதியோரிடமிருந்தே நேரடிச் சான்றை அளித்தது.

முடிவுரை

சுரங்க உரிமையாளர் ஆட்சேர்ப்பைக் காக்கும் வழியாகத் தடுப்பூசியை நாடினர். அத்தேவை நுண்ணுயிரி வகைகளைப் பற்றிய அறிவை வளர்த்தது; நோய் பெருகிய வாழ்நிலை குறித்த வினாவையோ பின்னுக்குத் தள்ளியது. தடுப்பூசியின் பயன் உண்மையானது. அச்சான்றைத் தந்தோர் யாவர், எத்தகைய நிலையில் தந்தனர் என்பதும் அவ்வுண்மையின் பகுதியே. மருத்துவ வரலாற்றைத் தொழிலாளர் வரலாற்றோடு இணைத்துப் படிக்கும்போதே இவ்விரண்டும் ஒருங்கே புலப்படும்.