கண்டாம்: எங்கிருந்து தொடங்குவது?



பழைய மாணவர் ஒருவர் தன் மகளுக்காக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், பொண்ணு கண்டாம் பார்க்கணும்னு சொல்றா. 1979-லேர்ந்து வருதாம். அத்தனை தொடர், அத்தனை படம். எதை முதல்ல பார்க்கறது? நீங்கதான் ஹிஸ்டரி சார் ஆச்சே!" ஓய்வுக்குப் பிறகு இவற்றில் பெரும்பகுதியைப் பார்த்தவன் என்பதால் பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். பதில் கொஞ்சம் நீளம். எல்லோருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஜப்பானியர் 'கண்டாமு' என்பார்கள். நாம் 'கண்டாம்' என்று எழுதிக்கொள்வோம். ஆசியக் கண்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஜப்பானியக் கதைகளில் ராட்சத ரோபோ வந்ததே போரின் நிழலில்தான். 1956-இல் மித்சுதேரு யோகோயாமா வரையத் தொடங்கிய 'டெட்சுஜின் 28' என்ற சித்திரக்கதையில் வரும் இரும்பு மனிதன், இரண்டாம் உலகப் போரின் இறுதியில் ஜப்பானிய ராணுவம் ரகசியமாக உருவாக்கிய ஆயுதம். போர் முடிந்தபின் ஒரு சிறுவன் அதை ரிமோட் மூலம் இயக்குகிறான். 1972-இல் கோ நகாயின் 'மசிங்கர் இசட்' தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் சிறுவன் ரோபோவுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து ஓட்டினான். நாடே அதைப் பார்த்தது. கூடவே பொம்மைகளும் விற்றுத் தீர்ந்தன.

அதன்பின் ஒரு வாய்பாடு உருவாகிவிட்டது. வாரம் ஒரு எதிரி, வாரம் ஒரு வெற்றி. செலவைப் பொம்மை நிறுவனம் ஏற்கும். அதனால் ரோபோ எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் அதன் சொல் எடுபடும்.

அந்த வாய்பாட்டுக்குள் நுழைந்தவர்தான் யோஷியுகி டோமினோ. பிறந்தது 1941-இல், ஒடவாரா நகரில். 1945 ஆகஸ்ட் 15-ஆம் தேதி நண்பகலில் ஜப்பானியப் பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்தார். அன்று அதிகாலையில்கூட ஒடவாராவில் குண்டு விழுந்தது. அப்போது டோமினோவுக்கு மூன்று வயது. அந்தத் தலைமுறைக்குப் போர் என்பது பாடப்புத்தகச் செய்தி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

1979 ஏப்ரல் 7 அன்று நகோயா தொலைக்காட்சி வழியாக 'மொபைல் சூட் கண்டாம்' தொடங்கியது. தயாரிப்பு நிப்பான் சன்ரைஸ். பணம் கொடுத்தது குளோவர் என்ற பொம்மை நிறுவனம். இயக்கம் டோமினோ, பாத்திர வடிவமைப்பு யோஷிகாசு யாசுஹிகோ, இயந்திர வடிவமைப்பு குனியோ ஓகவாரா.

கதை இதுதான். பூமியில் மக்கள்தொகை பெருகிவிட, விண்வெளியில் பெரிய உருளை வடிவக் குடியிருப்புகளை அமைத்து மக்களை அனுப்புகிறார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேல் கழிகிறது. தொலைவில் உள்ள ஒரு குடியிருப்புக் கூட்டம் 'ஜியோன்' என்ற பெயரில் பூமிக் கூட்டாட்சிக்கு எதிராகச் சுதந்திரப் போர் தொடங்குகிறது. முதல் ஒரு மாதத்திலேயே மனித இனத்தில் பாதி அழிந்துவிடுகிறது. முதல் அத்தியாயம் தொடங்குவதே இந்த அழிவுக்குப் பிறகுதான்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, எதிரி வேற்றுக்கிரகப் பிராணி அல்ல, மனிதன். அவனுக்கு நியாயமான குறையும் இருக்கிறது. தொலைவில் வாழ்பவனை ஆள்கிறவன் பூமியில் இருக்கிறான். ஆனால் அந்த நியாயத்தை ஸாபி என்ற ஒரு குடும்பம் கைப்பற்றிச் சர்வாதிகாரமாக்கிவிடுகிறது. மூத்த மகன் கிரென் ஸாபியிடம் அவன் தந்தையே ஹிட்லரின் பெயரைச் சொல்லி எச்சரிக்கும் காட்சி உண்டு. நியாயமான கோரிக்கை எப்படித் தவறான கைக்குப் போகிறது என்பதை வகுப்பில் நான் பல நாட்கள் எடுத்து விளக்கியிருக்கிறேன். இந்தக் கதை அதைக் காட்டியே புரியவைக்கிறது.

இரண்டு, கதாநாயகன் அமுரோ ரேவுக்கு வயது 15. போராட விருப்பமில்லாதவன். தற்செயலாக ரோபோவில் ஏறியவன். 13-ஆம் அத்தியாயத்தில் பிரிந்திருந்த தாயைச் சந்திக்கிறான். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எதிரி வீரனைச் சுட்ட மகனைப் பார்த்து அந்தத் தாய் அதிர்ந்துபோகிறாள். பிள்ளை உயிரோடிருக்கிறான், ஆனால் தான் வளர்த்த பிள்ளையாக அவன் இல்லை. சிறுவர் தொடரில் இப்படி ஒரு காட்சியை வைத்ததற்குத் துணிவு வேண்டும்.

துணிவுக்குக் கிடைத்த பரிசு தோல்வி! பார்வையாளர் எண்ணிக்கை குறைவு, பொம்மை விற்பனையும் மந்தம். 52 வாரம் ஓட வேண்டிய தொடர் 43 அத்தியாயங்களோடு 1980 ஜனவரி 26 அன்று முடிக்கப்பட்டது.

என் மாணவர் கேட்டதற்கான பதில் இதற்குப் பிறகு நடந்ததில்தான் இருக்கிறது. 1980 ஜூலையில் பாண்டாய் நிறுவனம் கண்டாமைப் பிரித்துச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரியாக 300 யென்னுக்கு வெளியிட்டது. குளோவர் எதிர்பார்த்தது சின்னக் குழந்தைகளை. இதை வாங்கியவர்களோ அதைவிடப் பெரிய பிள்ளைகள், கதையைப் புரிந்துகொண்டவர்கள். மறுஒளிபரப்பு தொடரைப் பரப்பியது. 1981, 1982 ஆண்டுகளில் தொடரைச் சுருக்கி மூன்று திரைப்படங்களாக வெளியிட்டார்கள். முதல் படத்துக்கு முன், 1981 பிப்ரவரி 22 அன்று தோக்கியோவின் ஷின்ஜுகுவில் நடந்த விழாவுக்கு ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டு வந்தார்கள். 1983-இல் குளோவர் திவாலானது. கண்டாம் பிழைத்துக்கொண்டது.

அதாவது, முதல் நாளிலிருந்து பார்த்தவர்கள் மட்டுமே அதைக் காப்பாற்றவில்லை. மறுஒளிபரப்பில் வந்தவர்கள், கடையில் மாதிரியை வாங்கிவிட்டுப் பிறகு கதை தேடி வந்தவர்கள், திரையரங்கில் வந்து சேர்ந்தவர்கள் எல்லோருமாகக் காப்பாற்றினார்கள். தாமதமாக வந்தவர்கள் இல்லையென்றால் இந்த வரலாறே இல்லை.

பிறகும் அப்படித்தான். 1985-இல் 'இசட் கண்டாம்' வந்தது. வென்ற கூட்டாட்சிக்குள்ளேயே ஓர் ஒடுக்கும் படை முளைக்கும் கதை. 1994-இல் 'ஜி கண்டாம்' பழைய காலக்கணக்கை விட்டுவிட்டுப் புது உலகத்தில் தொடங்கியது. 1995-இன் 'கண்டாம் விங்' 2000-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, அங்கே ஒரு தலைமுறையையே அழைத்து வந்தது. 2002-இல் 'சீட்', 2022-இல் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து 'தி விட்ச் ஃப்ரம் மெர்குரி'. ஒவ்வொன்றும் புதிதாக வருபவருக்காகத் திறந்த கதவு. அதனால் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும் என்ற பயமே வேண்டாம். பல தொடர்கள் தனித்தனி உலகங்கள். ஒன்றுக்கு மற்றொன்று தேவையில்லை.

சரி, எந்தக் கதவு?

வரலாறு பிடிக்கும் என்றால் 1981-82 திரைப்படங்கள் மூன்று. சேர்த்து ஏறத்தாழ 7 மணி நேரம். ஓவியம் பழையதாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் 'இசட்', 1986-இன் 'டபுள் இசட்', 1988-இன் 'ஷார்ஸ் கவுன்டர்அட்டாக்' என்று போகலாம்.

நேரம் குறைவு என்றால் 1989-இல் வந்த 'வார் இன் தி பாக்கெட்'. ஆறே அத்தியாயம். போர் என்றால் வேடிக்கை என்று நினைக்கும் ஒரு பள்ளிச் சிறுவனின் கதை. முடிவை நான் சொல்ல மாட்டேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு 'மெர்குரி'. ஒரு முன்னுரை அத்தியாயமும் 24 அத்தியாயங்களும். மாணவரின் மகளுக்கு என் பரிந்துரை இதுதான். பிடித்துவிட்டால் பழையவற்றைத் தேடி அவளே போவாள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கதைக்குள் உள்ள ஆண்டு வரிசைப்படி பார்க்காதீர்கள். 'தி ஆரிஜின்' முதல் போருக்கு முந்தைய கதையைச் சொல்கிறது, ஆனால் வெளிவந்தது 2015 முதல். பின்னால் வந்தவர்கள் முன்னால் நடந்ததை எப்படித் திருப்பி எழுதுகிறார்கள் என்று தெரிய, முன்னால் எழுதப்பட்டதை முதலில் படித்திருக்க வேண்டும். வகுப்பில் சொன்ன அதே பாடம்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. போர் கொடியது என்று சொல்லும் கதை, போர் இயந்திரங்களின் பொம்மைகளை விற்றுத்தான் இத்தனை ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. யோகோஹாமாவில் 18 மீட்டர் உயரக் கண்டாமைச் செய்து 2020 முதல் 2024 வரை கையும் காலும் அசைய வைத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அழகில் பிள்ளைகள் மயங்குவது இயல்பு, திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த எதிரி ரோபோ வெடிச்சுதே, உள்ளே யார் இருந்தா?"

அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் மனதில் எழுப்பத்தான் டோமினோ அத்தனை பாடுபட்டார்.

பார்த்தவர்கள் எழுதுங்கள்.