நட்டத்திலும் பங்கு கொள்ளும் முதல்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், திருநின்றவூரை அடுத்து வேப்பம்பட்டு என்னும் நிலையம் இருக்கின்றது. தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடியது இவ்வழியாகத்தான். விடிவதற்கு முன்பே இந்நிலையத்தில் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்குச் செல்வோர் கூடிவிடுகின்றனர். சுற்றுப்புறத்திலுள்ள பொறியியற் கல்லூரிகளில் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்களும் அவர்களோடு நிற்கின்றனர். இவர்களுள் ஒருவனிடம் புதியதொரு கருவியைப் பற்றிய எண்ணம் இருக்கின்றது, ஆனால் அடகு வைக்க நிலமோ நகையோ இல்லை என்று கொள்வோம். அவனை நம்பி முதல் கொடுப்பவர் யார்?

தொழில் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலைகளையும் எந்திரங்களையும் பற்றியே எழுதுவர். அந்த ஆலைகளுக்கு முதல் எவ்வாறு வந்தது, நட்டம் வந்திருந்தால் அதைச் சுமந்திருப்பவர் யார் என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. துணிகர மூலதனம் என்று இன்று வழங்கும் முறையின் வளர்ச்சியை இவ்வினாக்களின் துணைகொண்டு ஆராய்வது பயன் தரும் எனக் கருதுகின்றோம்.

கடனின் காலம்

நாடு விடுதலை பெற்றதும் சென்னையைச் சூழ்ந்த பகுதிகளில் தொழிற்சாலைகள் விரைந்து எழுந்தன. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948ஆம் ஆண்டிலும், அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949ஆம் ஆண்டிலும் தோன்றின. பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலை 1955இலும், ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961இலும் அமைந்தன. இவற்றுள் முன்னைய இரண்டும் வசதி படைத்த தொழிற்குடும்பங்கள் தொடங்கியவை. பின்னைய இரண்டும் அரசினுடையவை. செல்வரும் அரசும் தத்தம் முதலைக் கொண்டு தத்தம் தொழிலை நடத்தினர்.

இவ்விரு வகையிலும் சேராத சிறு தொழில் முனைவோரையும் அரசு மறந்துவிடவில்லை. 1949ஆம் ஆண்டிலேயே சென்னைத் தொழில் முதலீட்டுக் கழகம் நிறுவப்பெற்றது. மாநில அளவிலான தொழில்நிதி நிறுவனங்களுள் இந்தியாவிலேயே முதலாவது இதுவே. பின்னாளில் தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் எனப் பெயர் பெற்றது. கிண்டியிலும் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. 1971இல் சிப்காட் தோன்றிய பின்னர் கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் பெரிய தொழில் வளாகங்கள் உருவாயின. நிலம், கொட்டகை, மின்சாரம், கடன் ஆகிய நான்கும் ஓரளவு கிடைத்தன.

ஆயினும் கடனுக்கு ஓர் இயல்பு உண்டு. தொழில் செழித்தாலும் நலிந்தாலும் குறித்த நாளில் வட்டியோடு அதைத் திருப்பிச் செலுத்தியாகவேண்டும். ஆதலின் கடன் கொடுப்பவர், தொழிலின் எதிர்காலத்தைக் காட்டிலும் அடகுப்பொருளின் இன்றைய மதிப்பையே முதலில் நோக்குவார். பழகிய தொழிலுக்கு இம்முறை பொருந்தும். யாரும் செய்து பார்க்காத ஒன்றைச் செய்ய முனைபவனுக்கு இது பெருந்தடையாகும். அறிவை அடகாக ஏற்கும் வங்கி அந்நாளில் இல்லை.

கடல் வணிகர் கண்ட வழி

இச்சிக்கல் நம் முன்னோர்க்குப் புதியதன்று. வேப்பம்பட்டு அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான், கும்மிடிப்பூண்டிக்கு அருகே, பழவேற்காடு என்னும் பழந்துறைமுகம் இருக்கின்றது. டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் அங்குக் கெல்திரியாக் கோட்டையை எழுப்புவதற்கு முன்பே, அத்துறையிலிருந்து சோழமண்டலக் கரையின் துணிகள் கீழ்த்திசைத் தீவுகளுக்குச் சென்றன. அவ்வணிகத்தில் முஸ்லிம் வணிகர்க்கும் சிறப்பிடம் இருந்தது. புயலும் கொள்ளையும் நிறைந்த கடலில் கப்பல் திரும்பி வருமென்று உறுதி கூற எவராலும் இயலாது. அத்தகைய பயணத்திற்கு முதல் திரட்டுவதே பெருங்கலையாக இருந்தது.

இஸ்லாமிய வணிகச் சட்டம் இதற்கு வகுத்த வழிகளுள் ஒன்று முளாரபா. ஒருவர் முதல் தருவார். மற்றவர் உழைப்பும் திறமையும் தருவார். இலாபத்தை முன்னரே பேசிய விகிதப்படி இருவரும் பகிர்ந்துகொள்வர். நட்டம் நேரின் பொருளிழப்பு முதல் தந்தவரைச் சாரும். உழைத்தவர் தம் உழைப்பின் பயனை இழப்பார். உழைத்தவர் மோசடியோ கவனக்குறைவோ செய்திருந்தாலன்றி, இழந்த முதலை அவரிடம் கேட்க இயலாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இளமையில் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஏற்று ஷாம் நாட்டிற்குச் சென்று வணிகம் புரிந்த வரலாற்றை, இம்முறைக்கு எடுத்துக்காட்டாக அறிஞர்கள் கூறுவதுண்டு. இடைக்கால இத்தாலிய நகரங்களில் வழங்கிய கொமெண்டா என்னும் கூட்டு முறை இதனை மிகவும் ஒத்திருக்கின்றது. அரபு வணிகர்களின் தொடர்பால் அது அங்குப் பரவியிருக்கலாம் எனக் கருதும் ஆய்வாளரும் உளர்.

இம்முறையில் பொதிந்துள்ள நீதி நம் கருத்துக்குரியது. முதல் வைத்திருப்பவர் இலாபத்தில் பங்கு கேட்பதற்கு அவருக்குள்ள உரிமை, நட்டத்தைச் சுமக்க அவர் உடன்பட்டதிலிருந்தே பிறக்கின்றது.

பழைய கம்பளி ஆலையில் பிறந்த கணிப்பொறி

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்து புதியதோர் உருவில் அமெரிக்காவில் தோன்றியது. 1946ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் அமெரிக்க ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் என்னும் நிறுவனம் அமைந்தது. அதனை வழிநடத்தியவர் ஜார்ஜ் டோரியோ. பாரிசில் பிறந்து, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராகி, இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் தளபதியாகவும் பணியாற்றியவர் அவர். போர்க்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் விளைந்த அறிவைத் தொழிலாக்குவதற்கு முதல் தருவதே அக்கழகத்தின் நோக்கம்.

1957ஆம் ஆண்டில் கென்னத் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்னும் இரு பொறியாளர்கள் இக்கழகத்தை அணுகினர். அவர்களுக்கு 70,000 டாலர் கிடைத்தது. ஈடாகத் தம் நிறுவனத்தின் பெரும்பங்கை அவர்கள் கொடுத்தனர். மேனார்டு என்னும் சிற்றூரில், பழைய கம்பளி ஆலையொன்றின் பகுதியில் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனம் தொடங்கிற்று. 1966இல் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகளுள் கழகத்தின் பங்கு பல கோடி டாலர் மதிப்புடையதாயிற்று. கழகம் முதலிட்ட பிற நிறுவனங்கள் பலவற்றின் தோல்வியை இந்த ஒரு வெற்றி ஈடு செய்தது. பல விதைகள் கருகினாலும் ஒன்று ஆலமரமாகலாம் என்னும் கணக்கே துணிகர மூலதனத்தின் அடிப்படையாகும்.

இந்தியாவில் முதல் முயற்சி

இந்தியாவில் இம்முறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் நாராயணன் வகுல். சென்னை இலயோலா கல்லூரியில் பயின்று, வங்கித்துறையில் உயர்ந்து, 1985ஆம் ஆண்டில் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனத்தின் தலைவரானவர் அவர்; 2024இல் மறைந்தார். அவருடைய தலைமைக் காலத்தில், 1988ஆம் ஆண்டு, ஐ.சி.ஐ.சி.ஐ.யும் யூனிட் டிரஸ்டும் இணைந்து டி.டி.ஐ.சி.ஐ. என்னும் நிறுவனத்தைப் பெங்களூரில் நிறுவின. அதன் முதல் நிதி 20 கோடி ரூபாய். அடுத்த நிதி 100 கோடி ரூபாய்.

அதே ஆண்டில் மத்திய அரசு துணிகர மூலதனத்திற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. அவை கூறும் தகுதிகள் வியப்பளிப்பவை. தொழில்நுட்பம் நாட்டிற்குப் புதியதாகவோ அதிகம் செய்து பார்க்கப்படாததாகவோ இருக்கவேண்டும். தொழில் முனைவோர் புதியவராகவும், தொழிற்கல்வி பெற்றவராகவும், போதிய பொருள்வசதி இல்லாதவராகவும் இருக்கவேண்டும். கடனுக்கு விண்ணப்பித்தால் எவை குறைகளாகக் கருதப்படுமோ, அவையே இங்குத் தகுதிகளாயின!

முதல் தரும் வழிகளிலும் புதுமை இருந்தது. பங்குகளை வாங்குவது ஒரு வழி. நிபந்தனைக் கடன் என்பது மற்றொன்று. இதில் வட்டி இல்லை. பொருள் விற்பனையான பிறகு அவ்விற்பனையில் ஒரு விழுக்காடு உரிமைத்தொகையாகக் கொடுக்கப்படும். விற்பனை இல்லையேல் கொடுப்பதும் இல்லை. முளாரபாவை அறிந்த வாசகர்க்கு இதன் சாயல் புலப்படாமற் போகாது.

பயோகான் நிறுவனத்தின் கதை இதற்குச் சான்றாகும். கிரண் மஜும்தார் 1978ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரு வாகனக் கொட்டகையில், 10,000 ரூபாய் முதலில் அதனைத் தொடங்கினார். அடகுப்பொருள் இன்மையும், எவரும் அறியாத தொழில் என்பதும், அவர் ஒரு பெண் என்பதும் வங்கிகள் தயங்கக் காரணங்களாயின. 1980களின் பிற்பகுதியில் வகுலின் ஆதரவால் 2,50,000 டாலர் அளவிலான துணிகர நிதி அந்நிறுவனத்திற்குக் கிடைத்தது. அதைக்கொண்டு, திண்மப் பொருளின்மீது நுண்ணுயிர்களை வளர்த்து நொதிப்பொருள் எடுக்கும் தனக்கே உரிய முறையிலான ஆலையை அது அமைத்தது. 2004இல் அந்நிறுவனம் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. கணிப்பொறித் துறையில் மாஸ்டெக் போன்ற நிறுவனங்களும் டி.டி.ஐ.சி.ஐ.யின் முதலைப் பெற்று வளர்ந்தவையே.

1996இல் செபி அமைப்பு துணிகர நிதிகளுக்கான ஒழுங்குமுறைகளை வகுத்தது. அயல்நாட்டு நிதிகளும் வந்தன. டி.டி.ஐ.சி.ஐ. பின்னர் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் எனப் பெயர் மாறியது. 2012இல் ஒழுங்குமுறைகள் மீண்டும் திருத்தியமைக்கப்பட்டன.

தமிழகத்தில் விளைந்தவை

2010ஆம் ஆண்டில் கிரிஷ் மாத்ருபூதம் சென்னையில் தொடங்கிய பிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்திற்கு, அடுத்த ஆண்டிலேயே ஆக்செல் என்னும் துணிகர நிதி முதலிட்டது. 2021 செப்டம்பரில் அதன் பங்குகள் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் விற்பனைக்கு வந்தன. பங்கு பெற்றிருந்த ஊழியர் பலரும் அன்று செல்வராயினர்.

தரமணியிலுள்ள ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவும் குறிப்பிடத்தக்கது. ஸ்ரீநாத் இரவிச்சந்திரன், மொயின் எஸ்.பி.எம்., பேராசிரியர் சத்யா சக்கரவர்த்தி ஆகியோர் 2017இல் நிறுவிய அக்னிகுல் காஸ்மாஸ், ஐ.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்தது. அதே ஆண்டில் சென்னையில் தோன்றிய ஸ்பெஷலே இன்வெஸ்ட் என்னும் துணிகர நிதி, அதற்குத் தொடக்கத்தில் முதலிட்டவர்களுள் ஒன்று. 2024 மே 30 அன்று, முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்யப்பட்ட எந்திரத்தைக் கொண்ட அக்னிகுல்லின் ஏவுகலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் எழுந்தது. பழவேற்காட்டு ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் தீவே ஸ்ரீஹரிகோட்டா. முன்னொரு நாள் வணிகர் கப்பல்களை நம்பி முதலிட்ட அதே நீர்ப்பரப்பின் அருகில், இன்று விண்கலத்தை நம்பி முதலிடுகின்றனர்.

எச்சரிக்கையும் எதிர்பார்ப்பும்

இவற்றைக் கண்டு துணிகர மூலதனத்தைக் குறையற்றதெனக் கொள்ளுதல் தவறாகும். இக்காலத்து ஒப்பந்தங்கள் பலவற்றில், நிறுவனம் விற்கப்படும்போது முதலிட்டவர் முதலில் தம் தொகையை எடுத்துக்கொள்ளும் உரிமை எழுதப்படுகின்றது. அது முளாரபாவின் நீதியோடு முழுதும் ஒத்ததன்று. குறித்த காலத்துள் பன்மடங்கு பெருகவேண்டும் என்னும் நெருக்கடி, நிதானமாக வளரவேண்டிய தொழிலையும் வேகத்தில் வீழ்த்திவிடும். 1996இல் தொடங்கிய சோகோ நிறுவனம் வெளியார் முதலை ஏற்காமலே உலகளவில் வளர்ந்ததையும் நாம் நினைவிற்கொள்ளவேண்டும். பிரெஷ்வொர்க்ஸின் நிறுவனர் அங்குப் பணியாற்றித் தொழில் கற்றவரே.

குறைகள் இருப்பினும் ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கின்றது. 1949இல் அடகு கேட்டுக் கடன் கொடுத்த தமிழக அரசு, 2021இல் தொடங்கிய டான்சீட் திட்டத்தின்கீழ்ப் புத்தொழில் நிறுவனங்களுக்கு 10 இலட்சம் ரூபாய் தந்து, ஈடாக 3 விழுக்காடு பங்கைப் பெற்றுக்கொள்ளும் முறையை ஏற்றது. ஆதி திராவிடர், பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களில் பங்கு முதலிடுவதற்கெனத் தனி நிதியும் அமைக்கப்பட்டது. வெற்றியானால் அரசுக்கும் பங்கு உண்டு. தோல்வியானால் இளைஞனின் வீடு ஏலத்திற்கு வராது.

நம் சமுதாயத்தில் பொருள் படைத்தோர் பலர், வட்டியை விலக்கவேண்டும் என்னும் உணர்வினால் தம் சேமிப்பைத் தங்கத்திலும் மனையிலும் முடக்கி வைத்திருக்கின்றனர். வட்டியை விலக்கிய மார்க்கம் வணிகத்தை ஆகுமாக்கியுள்ளது என்பதை அவர்கள் அறிவர். அம்முதலில் ஒரு சிறு பகுதியேனும், தக்க அறிஞர்களின் ஆலோசனையோடும் எழுத்து மூலமான ஒப்பந்தத்தோடும், அறிவை மட்டுமே உடைமையாகக் கொண்ட இளைஞர்களிடம் சென்று சேரவேண்டும். தரமணிக்குச் சென்ற முதல் வேப்பம்பட்டிற்கும் கும்மிடிப்பூண்டிக்கும் வருவதற்கு இருப்புப்பாதை முன்னமே போடப்பட்டிருக்கின்றது. நட்டத்திலும் பங்கு கொள்ளும் மனந்தான் இனி வேண்டும்.